பல் இம்ப்ளான்ட்: டாக்டர்களுக்கு எதற்கு மறுபடியும் பயிற்சி?

பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு வைப்பதுதான் இம்ப்ளான்ட். 1965-ல் ஸ்வீடனின் பிரானமார்க் முதல் நோயாளிக்கு வைத்தார். கீழ்த்தாடையில் துளை கொஞ்சம் ஆழமாகப் போனாலும் நரம்பில் பட்டு உதடு மரத்துப்போகலாம். அதனால்தான் பிடிஎஸ் முடித்த டாக்டர்களும் தனிப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

ஆனால் பெரிய தலைவலி ஈறுதான். இயற்கைப் பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் இம்ப்ளான்ட்டுக்குக் கிடையாது. சுற்றிலும் அழற்சி வந்தால் எலும்பு கரையும், பல நேரம் வலியே தெரியாது. வார இறுதி வகுப்பில் மாதிரித் தாடையில் துளையிடப் பழகலாம். ஈறு நோயைக் கண்டுபிடித்து, அறுவை செய்து, தொடர்ந்து கண்காணிப்பது அதில் வராது. ஈறு சிகிச்சைக்கான எம்டிஎஸ் சும்மா 3 வருஷம் இல்லை.

'எங்கே பயிற்சி எடுத்தீங்க? ஈறைப் பார்த்தீங்களா? அடுத்த செக்கப் எப்போ?' பணம் கட்டும் முன்பே கேட்டுடுங்க.