கொல்லைப்புறத்து டிராய்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் 1960களிலும் 70களிலும் எழுந்த தனி வீடுகளுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. முன்னால் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்; பக்கத்தில் கிணறு; பின்னால் துணி துவைக்கும் கல், அங்கிருந்து ஓடும் நீரில் செழிக்கும் வாழை, முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை. 1949இல் அம்பத்தூருக்கு வந்த சைக்கிள் தொழிற்சாலை, 1961இல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவற்றை நம்பிக் குடியேறியவர்கள், விட்டு வந்த ஊரின் கொல்லையை அரை கிரவுண்டில் திரும்ப நட்டுக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். அக்கொல்லைகளுக்கு அழையாமல் வந்த விருந்தாளிகளுள் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. அதற்கு நான்கு பெயர்கள் இட்டு நான்கு உயிரினங்களாகப் பிரித்து வைத்திருந்த அறிவுலகம், அவை அனைத்தும் ஒன்றே என்று ஏற்க நூறாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

கறிவேப்பிலைத் தளிரில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திராத இல்லத்தரசி இருக்க முடியாது. சில நாட்களில் அந்த எச்சம் தோலுரித்துப் பச்சைப் புழுவாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கிளை பிரிந்த சிவந்த கொம்பொன்றை நீட்டும். மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழும். பெரும்பாலும் அதன் கதை அங்கேயே செருப்படியில் முடிந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்துக் கூட்டுப்புழுவாகி வெளிவருவதே இன்று தமிழில் கறிவேப்பிலை அழகி என வழங்கும் வண்ணத்துப்பூச்சி. ஆண் கறுப்பு, பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளிகளின் ஒரு வரிசை. பெண்ணுக்கோ மூன்று வேடங்கள். ஒருத்தி ஆணைப் போலவே இருப்பாள். இன்னொருத்தியின் பின்சிறகு நடுவில் வெண்திட்டும் ஓரத்தில் செம்பிறைகளும் கொண்டிருக்கும். மூன்றாமவளின் முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு வேடத்து மகள்கள் பிறப்பதுண்டு.

சென்னையின் பூச்சிகள் ஏட்டில் ஏறிய வரலாறு கோட்டையிலிருந்து தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், அவருக்குப் பின் வந்த எட்வர்ட் பல்க்லி ஆகிய இருவரும் செடிகளையும் சிப்பிகளையும் பூச்சிகளையும் திரட்டி லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரருக்குக் கப்பலேற்றினார்கள். பிரவுன் அனுப்பிய செடிகள் தமிழ்ப் பெயர்களோடு சென்றன. அப்பெயர்கள் ராயல் சொசைட்டியின் இதழில் ஆங்கில எழுத்தில் அச்சேறின. உச்சரிப்பு படாதபாடு பட்டிருப்பினும், அந்தச் செடிகளைப் பெயர் சொல்லி அழைத்த சென்னைவாசிகள் சிலரின் குரல் அங்கே பதிவாகியிருக்கிறது. பூச்சிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்ட மொழி, பகலில் பறக்கும் வண்ணச் சிறகுகள் அனைத்தையும் பட்டாம்பூச்சி என்ற ஒரே சொல்லில் கட்டிப்போட்டது ஏன் என்பது தனியே யோசிக்க வேண்டிய விஷயம்.

நிற்க. 1758இல் சுவீடனின் லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பில் உலக உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஹோமரிடமிருந்து பெயர்களைக் கடன் வாங்கினார். மார்பில் இரத்தச் சிவப்புப் புள்ளிகள் கொண்டவை டிராய் தரப்பு வீரர்கள். சிவப்பில்லாதவை கிரேக்கத் தரப்பு. நம் தோட்டங்களில் மெல்லப் பறக்கும், கறுஞ்சிறகும் குருதி நிற உடலும் கொண்ட பூச்சிக்கு ஹெக்டர் என்று பெயர் வைத்தார். அதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்திருக்க முடியாது. எலுமிச்சை அழகிக்கு வர்ஜிலின் காவியத்தில் ஏனியாஸின் கையில் தோற்ற கிரேக்கனான டிமோலியஸின் பெயர். கறிவேப்பிலை அழகியின் ஆணுக்கு அவர் இட்ட பெயர் பாமோன். வெண்திட்டு வேடமிட்ட பெண்ணுக்குப் பாலிட்டீஸ். இருவரும் கிழ மன்னன் பிரியாமின் பிள்ளைகள், ஹெக்டரின் தம்பிகள். ஆக, கணவனையும் மனைவியையும் அண்ணன் தம்பியாக்கி இரு வேறு உயிரினங்களாக நிறுத்திவிட்டார் அப்பெருமகனார். 1775இல் டச்சுக்காரரான கிராமர், வெள்ளைப் பட்டை வேடத்தவளை ரோமுலஸ் என்றார். ஆணைப் போன்ற பெண்ணுக்குப் பாரசீக மன்னன் சைரஸின் பெயரை அளித்தவர் ஃபாப்ரீசியஸ். டிராய், ரோம், பாரசீகம் மூன்றும் ஒரே கறிவேப்பிலை மரத்தில்!

இதே ஃபாப்ரீசியஸ் 1775இல் பெயரிட்ட மற்றொரு பூச்சி இக்கதைக்கு முக்கியமானது. இன்று ரோசா அழகி எனப்படும் அதற்கு அவர் வீரன் பெயரை இடவில்லை. ஒரு செடியின் பெயரை இட்டார். அரிஸ்டலோக்கியா என்ற அப்பேரினத்தைச் சேர்ந்தவைதாம் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும். பெயர் இப்படி அமைந்ததென்றால், எங்கோ யாரோ ஒருவர் புழுவை அச்செடியின்மேல் பார்த்திருக்க வேண்டும். வீரர் பெயர்களைவிட இந்த ஒரு பெயரில் அவதானிப்பு அதிகம் என்பது நம் கட்சி.

1862இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசான் காடுகளிலிருந்து ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார். பறவைகள் உமிழ்ந்துவிடும் நச்சுப் பூச்சியைப் போல் வேடமிட்டு நஞ்சற்ற பூச்சி உயிர் பிழைக்கிறது என்பது அதன் சாரம். மூன்றே ஆண்டுகளில் ஆல்பிரட் ரசல் வாலஸ் அதைக் கீழ்த்திசைக்குப் பொருத்தினார். பாமோன், பாலிட்டீஸ், ரோமுலஸ் ஆகியவை ஒரே இனம். ரோமுலஸ் ஹெக்டரைப் போலவும் பாலிட்டீஸ் ரோசா அழகியைப் போலவும் வேடமிட்ட பெண்கள் என்று 1865இல் அவர் எழுதினார். ஹெக்டரும் ரோசா அழகியும் புழுப்பருவத்தில் உண்ணும் அரிஸ்டலோக்கியாவின் நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்பவை. கறிவேப்பிலை தின்று வளர்ந்தவளுக்கு நஞ்சேது? முகமூடி மட்டும்தான்.

வாதம் அழகானதாயினும் சான்று வேண்டுமே. அதைத் தந்தது காடல்ல, வளர்ப்புக் கூண்டு. 1910களின் தொடக்கத்தில் ஃப்ரையர் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எத்தகைய மகள்கள் என்று கணக்கெழுதினார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே கணக்கு இங்கும் பொருந்தியது. வேடத்துக்கான கூறு ஆணிடமும் இருக்கிறது. அவன் அதைத் தன் சிறகில் காட்டாமலே மகளுக்குக் கடத்துகிறான். முன்பே இலங்கைக்கு வந்து சென்றிருந்த பன்னெட், 1915இல் வெளியிட்ட தம் நூலில் வேறொரு வம்பை இழுத்தார்: மாதிரிகள் எங்கே மிகுதியோ அங்கேதான் போலிகளும் மிகுதி என்பது இலங்கையில் பொருந்தவில்லை, ஆகவே இயற்கைத் தேர்வு சிறுகச்சிறுக இவ்வேடத்தை வரைந்தது என்பதை ஏற்க முடியாது என்றார். அவர் கிளப்பிய விவாதம் நூறாண்டு நீடித்தது. 2014இல் கிருஷ்ணமேக் குந்தே உள்ளிட்ட ஆய்வாளர் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுவே இவ்வேடத்தின் விசை என்று காட்டியது. பூச்சிகளின் உடலில் ஆண், பெண் வேறுபாட்டை வகுக்கும் மரபணு அது. பெண் மட்டுமே வேடமிடுவதன் முடிச்சு அவிழத் தொடங்கியது அங்கேதான்.

இலங்கையைப் பற்றிப் பேசும்போது இருவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 1880க்கும் 1887க்கும் இடையே மூர் என்பவர் பெயரில் வெளியான இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலுக்கு ஓவியம் வரைந்தவர்கள் பெராதெனியாத் தோட்டத்து ஓவியர் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் டி அல்விஸ், ஜார்ஜ் டி அல்விஸ் என்ற சிங்களச் சகோதரர்கள். சிறகுகளோடு புழுவையும் கூட்டுப்புழுவையும் அவர்கள் வரைந்தார்கள். ஊசி குத்திய உடல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு, இவ்வுயிர்களுக்கு ஒரு பிள்ளைப் பருவம் உண்டென்று நினைவூட்டிய படங்கள் அவை.

அந்துப்பூச்சிகளின் வரலாறு வேறு தடத்தில் செல்கிறது. அவற்றை அழகுக்காகப் பார்த்தவர்கள் குறைவு. லாபமும் நட்டமும் பார்த்தவர்களே அதிகம். நுங்கம்பாக்கத்தில் இன்றும் தம் பெயரில் ஒரு சாலை கொண்ட மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1790களில் அங்கிருந்த தம் தோட்டத்தில் முசுக்கொட்டை நட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். சோழமண்டலக் கரையைப் பட்டு நாடாக்கும் கனவோடு ஊரூராய்க் கடிதம் எழுதினார். கனவு நிலைக்கவில்லை. 1914இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஃப்ளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூலோ பெரிதும் உழவரின் பகைவர் பட்டியல். நீலகிரியில் தோட்ட முதலாளியாக இருந்து, பின்பு பிரிட்டிஷ் இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதிய ஹாம்ப்சன் ஒரு விதிவிலக்கு. நம் கொல்லைகளிலும் அதே மனோபாவம்தான். மழைக்காலத்து முருங்கைத் தண்டில் கூட்டமாய் அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சிக்குப் பந்தம் கொளுத்துவதோடு நம் அந்துப்பூச்சி ஆய்வு முடிந்துவிடுகிறது. அதே வீட்டு நந்தியாவட்டையில், தலையருகே இரு நீலக் கண்புள்ளிகளோடு ஒரு கொழுத்த பச்சைப் புழு இலைகளை மொட்டையடித்துக்கொண்டிருக்கும். அரளியின் பெயரையே லின்னேயஸ் அதற்கு இட்டார். அதிலிருந்து வெளிவரும் அந்து, பச்சையும் இளஞ்சிவப்பும் குழைத்துப் பாசி படிந்த கல் போலிருக்கும். வாசல் விளக்கடியில் விடியலில் அது ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர்கள், விட்டிலை உவமையாக மட்டுமே அறிந்த நம் கவிஞர்கள்மேல் கொஞ்சம் கோபம் கொள்ளக்கூடும்.

மறுபடியும் ஹெக்டரிடம் வருவோம். 2019இல் தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது; அது மலைக்காடுகளின் பிள்ளை, நம் தெருவுக்கு வராது. ஹெக்டர் வரும். ஆனால் அதன் பிறப்பிடம் நம் தோட்டமன்று. பூச்சிகளை அழைக்க விரும்புபவர்கள் இன்று நர்சரியிலிருந்து இட்லிப்பூவும் பிற பூச்செடிகளும் வாங்கி மாடியில் வைக்கிறார்கள். அவை தேன்கடைகள், அவ்வளவே. முட்டையிட ஹெக்டருக்கு ஆடுதின்னாப்பாளையோ ஈஸ்வரமூலியோ வேண்டும். முன்னது தரிசிலும் வரப்பிலும் தரையோடு படரும் கசப்புக் கொடி. ஏரிப்பாசன வயல்களாயிருந்த இந்நிலம் மனைகளாகக் கல் நட்டுப் பிரிக்கப்பட்ட பின், பத்திரப் பதிவுக்கும் பூமி பூஜைக்கும் இடையே பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. அந்த இடைக்காலந்தான் ஹெக்டரின் பொற்காலம். இப்போது அம்பத்தூரிலும் ஆவடியிலும் காலி மனைகள் அடுக்குமாடிகளாகி வருகின்றன. எஞ்சியவற்றைக் கொசுவுக்கும் பாம்புக்கும் அஞ்சி ஜேசிபி வைத்து வழித்துவிடுகிறோம்.

கறிவேப்பிலை அழகிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். அவள் உணவுக்குக் குறையில்லை. பால்கனித் தொட்டிக் கறிவேப்பிலையிலும் அவள் முட்டையிடுவாள். ஆனால் கசப்பு ஹெக்டரை ஒருமுறை தின்று துப்பிய பறவைதான் அவளது ரோமுலஸ் வேடத்துக்கும் அஞ்சும். அசல் இல்லாத ஊரில் போலிக்கு மதிப்பேது? இது வெறும் ஊகமன்று. ஜப்பானின் தென்கோடி ரியூக்யூத் தீவுகளுக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரோசா அழகி புதிதாக வந்து பரவியது. அதன் பின் மியாக்கோ தீவில் அதைப் போல வேடமிட்ட பெண்களின் விகிதம் கூடியதை அந்நாட்டு ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அசல் வந்தபோது அங்கே வேடம் பெருகியது. அசல் போகும்போது என்ன நிகழும் என்பதற்கான சோதனைக்கூடம், நாம் விரும்பியோ விரும்பாமலோ, நம் புறநகரில் அமைந்துவருகிறது.

இச்சோதனையில் கணக்கெழுத ஃப்ரையரின் கூண்டுகள் தேவையில்லை. பூவில் அமர்ந்திருக்கும் பூச்சியின் சிறகைப் பார்த்து ஏமாறாமல் உடலைப் பார்த்தால் போதும். சிவப்பு என்றால் ஹெக்டர். தமிழில் அதற்குச் சிவப்புடல் அழகி என்று பெயரிட்டவர்கள் கண்ணுள்ளவர்கள். கறுப்பு என்றால் நம் கறிவேப்பிலை மரத்துப் பெண். தேதியும் தெருவும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்க நிமிடம் ஆகாது. செடியைத் தேடுவதும் கடினமன்று. ஐப்பசி மழைக்குப் பின் பக்கத்துக் காலி மனையில் ஆடுகள் மேய வரும். அருகம்புல்லையும் கீரைகளையும் கரம்பிக்கொண்டு நகரும் அவை, எந்தக் கொடியை மட்டும் வாய் வைக்காமல் சுற்றிக்கொண்டு போகின்றனவோ அங்கே குனிந்து இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.