ஃபஸ் பெடலும் ஒரு வயரிங் படமும்

ராக் பாட்டுகளில் கிடார் சத்தம் கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி கரகரன்னு வருமே, கவனிச்சிருக்கீங்களா? பல சமயம் அது கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கிற ஒரு சின்ன டப்பாவின் வேலை. பேர் எஃபெக்ட்ஸ் பெடல். ஒரு மிதி மிதிச்சா ஆன், இன்னொரு மிதி மிதிச்சா ஆஃப். இந்த டப்பாவை வீட்டு மேஜையில் தானே செய்து பார்க்கிற கூட்டம் பல நாடுகளில் இருக்கு. டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களும் அதில் உண்டு. அவங்களால எப்படி முடிஞ்சுது? ஒரு படத்தால. அந்தப் படத்தோட கதைதான் இந்தப் பதிவு.

ஆரம்பம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில். மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த 'டோன்ட் வொரி' பாட்டு. அதில் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார், ரிப்பேரான ஒரு மிக்ஸர் சேனல் வழியாகப் போனதில் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அழிச்சிட்டு மறுபடி எடுக்காம அப்படியே விட்டுட்டாங்க. பாட்டு ஹிட்! ஒலிப்பதிவு இன்ஜினியர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து, அந்தக் கோளாறையே டிரான்சிஸ்டர்களை வைத்து வேணும்னே உண்டாக்கினார். அதை கிப்சன் கம்பெனி 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' வந்தது. அப்புறம் ஃபஸ் என்ன சத்தம்னு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கல.

அதே 1965-ல் ஸ்னாடிக்கும் ஹாப்ஸுக்கும் இதற்கான அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. காப்புரிமை வேணும்னா ஒரு விலை உண்டு: என்ன செஞ்சேன்னு ஊரறியப் படம் போட்டுக் காட்டணும். ஆக, ஃபஸ்ஸின் சர்க்யூட் அப்பவே பொதுவில் வந்தாச்சு. ஆனா அந்தப் படத்தை வைத்து ஒரு சாதாரண கிடார்காரரால் பெடல் செய்துவிட முடியுமா? கஷ்டம்தான்.

ஏன்னா அது ஸ்கீமாட்டிக். மெட்ரோ ரயில் மேப் மாதிரி. எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது என்று சொல்லும். இறங்கின பிறகு எந்தச் சந்தில் திரும்பணும்னு சொல்லாது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நமக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் இந்த மேப்தான். வயரிங் படம் என்பது "பெட்டிக்கடை தாண்டி லெஃப்ட், பச்சை கேட் வீடு" என்று வழி சொல்கிற ரகம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 1966-ல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்'. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதிச்ச வட்ட டப்பா. உள்ளே 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், திருகுவதற்கு 2 பாட். மொத்தம் 11 உருப்படி! ஸ்கீமாட்டிக்கை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்துவிடலாம். கஷ்டமெல்லாம் அதுக்கு வெளியே இருக்கு.

முதல் கஷ்டம் பேட்டரி. இந்த மாதிரிப் பெடல்களில் தனியா பவர் சுவிட்ச் கிடையாது. இன்புட் பக்கம் ஸ்டீரியோ ஜாக் போட்டு, பேட்டரியின் ஒரு ஒயரை அதன் ரிங் காலில் பற்றவைப்பார்கள். கிடார் ஒயரின் மோனோ பிளக்கைச் சொருகும்போது, பிளக்கின் உடம்பே ரிங்கையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும். பிளக்கை உருவினால் பேட்டரி கட். அழகான தந்திரம். ஆனால் பல ஸ்கீமாட்டிக்குகளில் இது இருக்கவே இருக்காது.

இரண்டாவது, பழைய ஜெர்மேனியம் ஃபஸ் ஃபேஸில் கிரவுண்டு பேட்டரியின் பிளஸ் பக்கம். மற்ற பெரும்பாலான பெடல்களில் மைனஸ். ரெண்டையும் ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட். சிவப்பு ஒயர் கிரவுண்டுக்குப் போவதைக் கலரில் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

மூன்றாவது, மிதிக்கிற சுவிட்ச். சிக்னலைச் சர்க்யூட்டுக்கு உள்ளே விட, அல்லது முழுசா வெளியே சுற்றிவிட, 6 கால் சுவிட்ச் போதும். கூடவே ஒரு எல்.இ.டி. எரியணும்னா 9 கால் வேணும். 9 கால் சுவிட்ச் சுலபமா கிடைக்காத காலத்தில், ஆர்.ஜி. கீன் என்ற அமெரிக்க இன்ஜினியர் 6 காலை வைத்தே எல்.இ.டி. எரிய ஒரு குட்டிச் சர்க்யூட் போட்டுக் கொடுத்தார். பேர் 'மில்லேனியம் பைபாஸ்'. இதே பெடல்கள் எப்படி வேலை செய்யுதுன்னு அவர் எழுதிய கட்டுரைகள் இன்னிக்கும் பாடப் புத்தகம் மாதிரி.

அவருக்கும் முன்னோடி கிரெய்க் ஆண்டர்டன். 1975-ல் வந்த அவருடைய 'எலக்ட்ரானிக் ப்ராஜெக்ட்ஸ் ஃபார் மியூசிஷியன்ஸ்' புத்தகம் இன்ஜினியர்களுக்கு எழுதியது இல்லை, பேரிலேயே இருக்கு பாருங்க. பற்றவைப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கி, வாசிக்கிறவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போன புத்தகம்.

அப்புறம் வந்தவர்களுக்கு வெரோபோர்டு கைகொடுத்தது. 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள், அடியில் தாமிரப் பட்டைகள். எந்தத் துளையில் எந்தக் கால், எந்தப் பட்டையை எங்கே வெட்டணும் என்று கட்டம் கட்டமாகப் படம் வரைந்தார்கள். ஒருத்தர் வரைவார், இன்னொருத்தர் செய்து பார்த்து "வேலை செய்யுது" என்று சொன்ன பிறகுதான் அதன் மேல் 'சரிபார்த்தது' என்று எழுதுவார்கள். நம்ம ஆபீஸ் டெஸ்டிங் டீமே தோத்துரும் :-)

கம்பெனிகள் சும்மா இருந்துச்சா? 1994-ல் வந்த 'க்ளான் சென்டார்' பெடலில் சர்க்யூட் மேலேயே எபாக்ஸி பிசினை ஊற்றி மூடினார்கள், யாரும் காப்பி அடிக்கக்கூடாதுன்னு. ஆனா 2000-கள் முடிவதற்குள் ஆர்வலர்கள் அந்தப் பிசினைச் சுரண்டி, பாகம் பாகமாக அளந்து, படம் போட்டுட்டாங்க.

இது திருட்டா? என் கருத்து: தனக்கு ஒண்ணு செய்து பார்க்கிறவன் திருடன் இல்லை, மாணவன். அதே படத்தை வைத்து நூறு டப்பா செய்து, மூலகர்த்தாவின் பேரும் வரைந்தவரின் பேரும் இல்லாமல் விற்கிறவன்தான் திருடன். வரைந்தவர்கள் பலரும் 'வியாபாரத்துக்கு அல்ல' என்று படத்தின் ஓரத்தில் எழுதி வைத்தது அவனுக்காகத்தான்.

இன்னொண்ணும் இருக்கு. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் 'பிக் மஃப்' 1970-களில் பாகங்களின் மதிப்பு மாறி மாறி வந்தது. எந்த டப்பாவில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும் பங்கு, அதைத் திறந்து வரைந்த ஆர்வலர்களுடையது. காப்பி அடிக்கப் போட்ட படம்னு சொல்றாங்களே, அதுதான் இப்போ ஆவணமா நிற்குது.

ஸ்கீமாட்டிக் தெரிஞ்சவனுக்கு. வயரிங் படம் ஆசைப்பட்டவனுக்கு. ரெண்டாவதை ராத்திரி கண் முழிச்சு, காசு வாங்காம வரைஞ்சவங்கள்ல பல பேரோட பேர் கூட நமக்குத் தெரியாது. உங்க துறையில் இப்படி யாராவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.