இடம் மாறாத 17 வாசல்கள்



கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு 'பயாஸ்' என்ற சொல் தெரிந்திருக்கும். அது பிறந்த கதையில் என்னைப் போல ஒரு வாத்தியார் இருக்கிறார் என்பதால் எழுதுகிறேன்.

அவர் பெயர் கேரி கில்டால். கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில், அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1974-இல் இன்டெல் 8080 சில்லுக்காக 'சிபி/எம்' என்ற இயக்க முறைமையை எழுதினார். அப்போது ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியிலும் திரையும் வட்டு இயக்கியும் வேறு வேறு விதம். புதிய கணினி வந்தால் மீண்டும் திருத்தி எழுத வேண்டும். ஒரு மனிதர் எத்தனை முறைதான் எழுதுவார்?

இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் பகுதியை மட்டும் தனியே பிரித்தார். அதுவே பயாஸ். அதன் தலைப்பில் ஒரு தாவல் அட்டவணை, அதாவது ஜம்ப் டேபிள், வைத்தார். 8080-இன் அசெம்பிளி மொழியில் ஒரு ஜம்ப் கட்டளைக்கு 3 பைட்: கட்டளைக்கு 1, போக வேண்டிய முகவரிக்கு 2. சிபி/எம் 2.2 பதிப்பில் இப்படி 17 கட்டளைகள், மொத்தம் 51 பைட். திரையில் ஓர் எழுத்தைக் காட்டுவது ஐந்தாவது. எனவே தொடக்கத்திலிருந்து 12 பைட் தள்ளிப் போனால் போதும். அங்கிருந்து எங்கே தாவுவது என்பது அந்தக் கணினியைச் செய்தவர் பாடு.

சாதாரண நிரல்களுக்கு இதுகூடத் தெரிய வேண்டியதில்லை. 'சி' பதிவகத்தில் வேலையின் எண்ணை வைத்து முகவரி 5-ஐ அழைத்தால் போதும். எழுத்தைக் காட்ட எண் 2. அந்த எண்ணை இரண்டால் பெருக்கி, முகவரிப் பட்டியலில் அந்த இடத்தைப் பார்த்து, முறைமை அங்கே தாவும். 'ஒன்றா, இரண்டா, மூன்றா' என்று வரிசையாக ஒப்பிட்டுத் தேடும் வேலை இல்லை.

இதனால் ஒரு முறை எழுதிய நிரல் பல நிறுவனங்களின் கணினிகளில் ஓடியது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: வரிசையை மாற்றவே கூடாது. ஆறாவது வாசலை எடுத்துவிட்டால் ஏழாவதைத் தேடி வந்தவன் எட்டாவதில் போய் விழுவான். காகித நாடாவில் துளையிடவும் படிக்கவும் இரண்டு வாசல்கள் இருந்தன. நாடாவையே பார்த்திராத கணினிகளிலும் அவை அப்படியே இருந்தன. தாவிப் போனால், பெரும்பாலும் வேறு வேலை எதுவும் இல்லாமல் 'திரும்பிப் போ' என்ற கட்டளைதான் அங்கே காத்திருக்கும்.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளே, உங்களை நம்பி யாரோ ஒருவர் 12 பைட் என்று எண்ணி வைத்திருப்பார். அதை மாற்றும் முன் அவரை நினையுங்கள்.