பள்ளிப் பிள்ளைகளின் உடல்திறனை அளந்த வரலாறு

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் உடல்திறனை அளப்பது தேசியக் கவலையாக மாறக் காரணமான சோதனை, முதுகுவலியால் துன்புற்ற நோயாளிகளுக்கென நியூயார்க்கில் உருவானதாகும். அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த மருத்துவர் ஹான்ஸ் கிராஸ், சோனியா வெபருடன் இணைந்து, உடற்தசைகளின் குறைந்தபட்ச வலிமையையும் நெகிழ்வையும் அறிய ஆறு எளிய அசைவுகளை வகுத்தார். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவது அவற்றுள் ஒன்று, ஆறில் ஒன்று தவறினாலும் முடிவு தோல்வியே. 1950களில் இச்சோதனை பள்ளிகளுக்குச் சென்றபோது, இத்தாலி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாட்டுப் பிள்ளைகளில் 8.7 விழுக்காட்டினர் தோற்க, அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 விழுக்காட்டினர் தோற்றனர்.

பனிப்போர்க் காலத்தில் இவ்வெண்கள் நாட்டின் வலிமை குறித்த அச்சமாகவே வாசிக்கப்பட்டன. குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1956இல் இளையோர் உடல்திறனுக்கென ஒரு மன்றத்தை நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளில் ஓட்டம், தாண்டுதல், பந்தெறிதல் ஆகியவற்றைக் கொண்ட தேசியச் சோதனை பள்ளிகளில் பரவியது. 1966இல் தொடங்கிய குடியரசுத் தலைவர் விருதுக்கு 85ஆம் சதமானத்தை, அதாவது ஒத்த வயதினர் நூறு பேரில் ஏறத்தாழ 85 பேரை விஞ்சும் நிலையை, எட்டவேண்டியிருந்ததால், பெரும்பாலான பிள்ளைகள் விருதுக்கு வெளியே நிற்பது அந்த அளவுகோலின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

1982இல் டல்லாஸின் கூப்பர் நிறுவனம் தொடங்கிய ஃபிட்னஸ்கிராம் எனும் பள்ளி உடல்திறன் மதிப்பீடு, பிறரோடு ஒப்பிடும் முறையிலிருந்து விலகி, நலவாழ்வுக்குப் போதுமான திறனை வரையறுக்கும் முறைக்குப் பின்னர் மாறியது. பிரிட்டனின் கல்வியாளர் மார்கரெட் வைட்ஹெட் 1993இல் முன்வைத்த 'உடலியக்க எழுத்தறிவு' எனும் கருத்து இன்னும் ஒரு படி சென்று, வாழ்நாள் முழுதும் இயங்குவதற்கான ஊக்கம், தன்னம்பிக்கை, உடல்திறன், அறிவு ஆகியவற்றை ஒன்றாகக் கண்டது.

இக்கருத்தை அளக்க கனடாவில் 8 முதல் 12 வயதினருக்கென உருவான மதிப்பீட்டின் இரண்டாம் வடிவம், உடல்திறன், அன்றாட இயக்கம், ஊக்கமும் நம்பிக்கையும் ஆகிய மூன்றுக்கும் தலா 30 புள்ளிகளும், அறிவுக்கு 10 புள்ளிகளும் ஒதுக்குகிறது. ஓட்டத்தில் பின்தங்கினாலும் நாள்தோறும் விருப்பத்தோடு விளையாடும் பிள்ளைக்கு மதிப்பளிக்கும் இப்பகிர்வே நலமேம்பாட்டுக்கு உகந்தது. எனினும் இப்புள்ளிகளும் தரவரிசைப் பட்டியலுக்குப் பயன்படுமாயின், பழைய விருது முறையே வேறு பெயரில் தொடரும்.