குழந்தைக்குமா சர்க்கரை?

ராமானுஜன் பெயர் வராத கட்டுரை நம் கல்லூரி மலரில் உண்டா? என் பங்குக்கு நானும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1904-ல் நம் கல்லூரியில் சேர்ந்தவர், 1920-ல் மறைந்தார். அந்த 1920-ல் ஒரு குழந்தைக்கு டைப்-1 நீரிழிவு வந்தால், கும்பகோணமானாலும் லண்டனானாலும், மிஞ்சிப்போனால் ஓரிரு வருடம்தான். மருந்தே கிடையாது! 1921-ல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நான் டாக்டர் அல்ல, இங்கே இயற்பியல் படித்துப் பிறகு பொறியாளனானவன். என் பாஷையில் சொன்னால், கணையம் ஒரு தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, அதற்குத் தக்கபடி இன்சுலின் விடும். டைப்-1-ல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை. ஆனால் நம்ம ஊர்த் திண்ணையில், "அம்மாக்காரி செல்லம் குடுத்து ஸ்வீட்டா ஊட்டியிருப்பா" என்றுதான் பேச்சு. பெண் குழந்தை என்றால், நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே என்று வெளியே மூச்சு விடமாட்டார்கள்.

இது நம் நாட்டில் அபூர்வம் என்று வெகுகாலம் நம்பினார்கள். எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்! சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் பதிவேடு வைத்து எண்ணினார்கள். 1996-ல் வெளியான கணக்கு: ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 10.5 பேருக்குப் புதிதாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006-ல் இளவயது நீரிழிவுக்கென்றே பதிவேடு தொடங்கியது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டில், 20 வயதுக்குட்பட்ட டைப்-1 நோயாளிகள் உலகிலேயே அதிகம் இந்தியாவில்தான், இரண்டு லட்சத்துக்கும் மேல்.

நோயே கூடிவருவது உண்மை. ஐரோப்பாவில் 1989 முதல் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது, ஆக சூழலில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் நம் டெல்டாவைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்க்கவேண்டும் என்பது என் எண்ணம். முன்பெல்லாம் 'விஷ ஜுரம்', 'மூச்சிரைப்பு' என்று கணக்கில் வராமலே போன பிள்ளைகள், இப்போது கண்டுபிடிக்கப்பட்டு, உயிரோடு இருந்து, எண்ணிக்கையில் சேருகிறார்கள். அடங்காத தாகம், ஓயாமல் சிறுநீர், திடீர் மெலிவு என்றால் அன்றே ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை போதும்.

அப்படிப் பிழைத்த பிள்ளைதான் வளர்ந்து கல்லூரிக்கும் வருகிறது. தம்பிகளே, உங்கள் பக்கத்து பெஞ்சுக்காரர் பையில் இன்சுலின் பேனா இருக்கலாம். தேர்வுக் கூடத்தில் அவருக்குத் திடீரென்று வியர்த்துக் கை நடுங்கினால், சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது உடனே வாயில் போடவேண்டியது குளுக்கோஸ். இல்லையா, டிகிரி காப்பிக் கடையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை வாங்கிக்கொண்டு ஓடி வாருங்கள்.