வைரஸ் இல்லாத புற்று: ராகம ஈரல் ஆய்வுகளும் மலையகத் தோட்டங்களும்

இலங்கையில் உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் கொழும்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1985இல் பேராசிரியர் ஏ. எச். ஷெரிப்டீனின் குழு நாட்டின் முதலாவது சிறுநீரக மாற்றைச் செய்தது. சிறுநீரக வைத்திய நிபுணர் ரெஸ்வி ஷெரீப் அந்த முயற்சியில் உடன் நின்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் வந்து, மூளைச் சாவை மரணமாக ஏற்றுக்கொண்டது. இந்த வரலாற்றில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஈரலின் கதைக்கு வரும்போது கொழும்பு மட்டும் போதாது. நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பைச் சேர்க்காமல் இலங்கையின் ஈரல் புற்றுநோயை விளங்கிக்கொள்ள முடியாது. ராகமவில் பணியாற்றும் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ரொஹான் சிறிவர்தனவின் ஆய்வுகளை அந்தத் தோட்டங்களின் பக்கம் நின்று வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரலை மாற்றும் முயற்சி முதலில் தோல்வியில்தான் தொடங்கியது. 1963இல் டென்வரில் தோமஸ் ஸ்டார்சல் செய்த முதலாவது மாற்றில் நோயாளி மேசையிலேயே இறந்தார். 1967இல்தான் அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் ரோய் கான் அதே பாதையில் இறங்கினார். சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பின்னரே உடல் புதிய உறுப்பை நிராகரிப்பது ஓரளவு கட்டுக்குள் வந்தது. புற்றுநோயாளிகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. கட்டி முற்றிய ஈரலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாலும், சில மாதங்களில் புற்று அங்கேயும் முளைத்தது. தானமாகக் கிடைத்த அரிய உறுப்பு வீணாவதைக் கண்டு பல மையங்கள் புற்றுநோயாளிகளைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்தே நீக்கின. 1996இல் மிலானில் வின்சென்சோ மாசாபெரோவின் குழு 48 நோயாளிகளை வைத்து ஓர் எல்லை வகுத்தது. ஒரே கட்டியானால் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது, பல கட்டிகளானால் மூன்றுக்கும் 3 சென்ரிமீற்றருக்கும் மேற்படக் கூடாது என்றது அது. அந்த எல்லைப்படி தெரிந்தெடுத்து மாற்றுச் செய்தவர்களில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நூற்றுக்கு 75 பேர் உயிரோடிருந்தனர். ஈரல் புற்றுக்கும் மாற்றுச் சிகிச்சை உண்டு என்று உலகம் ஏற்றுக்கொண்டது அதன் பிறகுதான். சிறிய கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் மட்டுமே அந்த வாசல் திறக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மலையகத்தைப் பொறுத்தவரை இதுவே மையமான செய்தி.

ஆசியாவில் இந்தத் துறையை வளர்த்தவற்றுள் ஹொங்கொங் குயீன் மேரி வைத்தியசாலைக்குத் தனி இடம் உண்டு. இறந்தவரின் உறுப்புகள் அரிதாகவே கிடைக்கும் அந்த ஊரில், 1996இல் பேராசிரியர் பான் ஷியுங் டாட்டின் குழு உயிருள்ளவரின் வலப்பக்க ஈரலை எடுத்து வளர்ந்த ஒருவருக்குப் பொருத்திக் காட்டியது. பான், லோ சுங் மாவ் ஆகியோருடன் சிறிவர்தன முதலாம் ஆசிரியராக எழுதிய கட்டுரை 2012இல் வெளியானது. புற்றுநோயாளிகள் சிலருக்கு ஈரலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்; ஆனால் எஞ்சும் பகுதி உயிரைத் தாங்கப் போதாது. அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு, ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்டல் நாளத்தின் ஒரு கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். இரத்தம் மறுபக்கம் திரும்ப, அந்தப் பக்கம் சில வாரங்களில் வளர்ந்து பெருக்கும். ஈரலை வளரத் தூண்டும் அதே செயல் புற்றையும் தூண்டிவிடாதா என்பது அப்போது பலரையும் உறுத்திய சந்தேகம். அடைப்புச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, இந்த முறையால் புற்று மீண்டும் வருவது கூடவில்லை என்று முடிவு சொன்னது. வெட்ட முடியாது என்று கைவிடப்பட்ட சிலருக்கு இதனால் வழி பிறந்தது.

ஹொங்கொங்கில் ஈரல் புற்று பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி வைரஸின் விளைவு. அங்கே வகுக்கப்பட்ட அறிவு அந்த நோயாளிகளைப் பார்த்து வகுக்கப்பட்டது. அதே கருவிகளோடு ராகமவில் நின்ற சிறிவர்தனவுக்கு முன்னால் வந்தவர்கள் வேறு விதமான நோயாளிகள். அவரது ஆய்வுப் பணியின் முக்கியத்துவம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பேன்.

ராகமவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து ஹற்றனுக்கும் நானுஓயாவுக்கும் ஏறும் புகையிரதம் இந்தச் சந்தியைத் தாண்டித்தான் போகிறது. தூத்துக்குடி வழியாகக் கப்பலில் வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளர்களைக் கொள்ளைநோய்க்குப் பயந்து அடைத்து வைத்த முகாமும் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. மலையக மக்களின் உடலை நோயின் கண்கொண்டு பார்த்த தொடக்க இடங்களில் ராகமவும் ஒன்று. வடகொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரி அரசுடைமையாகி, 1991இல் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமாக உருப்பெற்றதும் இதே ஊரில்தான். 2010களின் தொடக்கத்தில் ஈரல் மாற்றுப் பணி இங்கே வேர்கொண்டது.

பட்டியலில் சேர்ந்த நோயாளிகளின் ஈரல் ஏன் கெட்டது என்று ராகம குழு ஆராய்ந்தது. 2013இல் வெளிவந்த சிறிவர்தனவின் கட்டுரை அதற்குத் தந்த விடை எதிர்பாராதது. இலங்கையில் ஈரல் மாற்றுக்குக் காத்திருப்போரிடையே முதலிடத்தில் இருந்தது காரணம் அறியப்படாத சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். பி வைரஸோ சி வைரஸோ இல்லை, மதுவும் காரணம் இல்லை. இலங்கையில் அந்த வைரஸ்களின் பரவல் இயல்பிலேயே குறைவு. பி வைரஸுக்கான தடுப்பூசியும் 2003 முதல் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. 2015இல் வந்த அவரது வேறு இரு ஆய்வுகளும் இந்தத் திசையிலேயே செல்கின்றன. ஒன்று, மதுவாலும் காரணம் அறியப்படாமலும் சிரோசிஸ் வந்தவர்களிடம் தோன்றும் ஈரல் புற்று எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தது. மற்றது, கட்டிக்குப் போகும் நாடிக்குள் மருந்தைச் செலுத்தி அடைக்கும் சிகிச்சைக்குப் பிறகு வரும் காய்ச்சலையும் ஈரல் செயலிழப்பையும் தொற்று ஈரலழற்சி இல்லாத நோயாளிகளிடம் ஆராய்ந்தது. வேறு நாட்டின் நோயாளிகளைக் கொண்டு எழுதிய விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தன் வாட்டில் படுத்திருப்பவரைக் கொண்டு சோதித்துப் பார்க்கும் இந்த நிதானம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

‘காரணம் அறியப்படாத’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஈரலில் படியும் கொழுப்பு இருக்கிறது என்பதே இன்றைய பரவலான கருத்து. ராகம பீடம் அதற்கும் முன்பே அடித்தளம் போட்டிருந்தது. பேராசிரியர் ஜனக டி சில்வாவும் அனுராத தசநாயக்கவும் மற்றவர்களும் ராகம பிரதேசத்தில் 2,985 பேரை ஸ்கேன் செய்து, மதுவால் வராத கொழுப்பீரல் நூற்றுக்கு 32.6 பேரிடம் இருப்பதை 2009இல் வெளியிட்டனர். நகரம், உட்கார்ந்த வேலை, எண்ணெய்ப் பண்டம் என்று விளக்கம் சொல்லிவிடலாம். அந்த விளக்கம் போதுமா என்று சோதிக்க, அதற்கு நேர் எதிரான மக்களைத் தேடி அதே பீடத்தின் ஆய்வாளர்கள் மலையேறினர்.

ஜுலானி பினிதியபதிரகே முதலானோர் நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் நடத்திய அந்த ஆய்வு 2011இல் வெளியானது. 35 முதல் 64 வயது வரையானவர்களை அழைத்தனர். 403 பேர், அதாவது அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 65 பேர் வந்தனர். ஏறக்குறைய எல்லோரும் தமிழர், பாதிக்குச் சற்று மேல் பெண்கள். பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, சரிவில் ஏறி இறங்கி, கொழுந்தும் கூடையுமாக நாளைக் கழிக்கும் ஒரு சமூகம். வறுமையும் உடலுழைப்பும் மிகுந்த அந்த மக்களிடம் கொழுப்பீரல் நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது. பெண்களைவிட ஆண்களிடம் இரு மடங்கு. இடுப்புச் சுற்றளவு, உடற்பருமன் குறியீடு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவை கூடியவர்களிடம் நோயும் கூடியது.

இந்த எண்ணை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். இரண்டு தோட்டங்களைக் கொண்டு மலையகம் முழுவதையும் அளக்க முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களையும் வைரஸ் தொற்று உள்ளவர்களையும் நீக்கிய பின் கிடைத்த கணக்கு இது. சாராயக் கடையும் கசிப்பும் தோட்டத்து ஆண்களை எப்படி அரித்தன என்று அறிந்த எவருக்கும், அங்கே கெட்டுப்போன ஈரல்களின் மொத்தத் தொகை 18 விழுக்காட்டில் நிற்காது என்பது புரியும்.

உழைக்கும் உடலில் கொழுப்பு ஏன் ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது? தெற்காசியருக்கு எடை அதிகம் கூடாமலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது தெரிந்த செய்தி. அதற்கு மேல் தோட்டத்துக்கே உரிய வரலாறும் உண்டு என்பது என் ஊகம். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்த கோதுமை மாவும், அதில் சுட்ட ரொட்டியும், சீனி போட்ட சாயத் தண்ணீரும் இங்கே தலைமுறைகளின் உணவு. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17.3, பெருந்தோட்டத் துறையில் 31.7. கருவிலும் பால்ய வயதிலும் போசாக்குக் குறைந்தவர்களுக்கு நடுவயதில் நீரிழிவும் அதன் கூட்டாளி நோய்களும் எளிதில் வருகின்றன என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. பட்டினி கிடந்த தலைமுறையின் பிள்ளைகள் கொழுப்பீரலோடு இருப்பதில் முரண் இல்லை.

சத்திரசிகிச்சையாளருக்கு இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. கொழுப்பீரலில் தோன்றும் புற்று சில வேளை சிரோசிஸ் வருவதற்கு முன்பே வந்துவிடும். சிரோசிஸ் உள்ளவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லும் வழமையான கண்காணிப்பில் இவர்கள் அகப்படுவதில்லை. கட்டி பெருத்து வயிறு வீங்கிய பிறகு வந்தால் மிலான் எல்லை எப்போதோ கடந்திருக்கும். அடுத்த சிக்கல் தானம் பற்றியது. தாயோ தம்பியோ தன் ஈரலில் பாதியைக் கொடுக்க முன்வந்தாலும், அவர்கள் ஈரலிலும் கொழுப்பு நிறைந்திருந்தால் அதை எடுக்க முடியாது. ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் உண்டு வளர்ந்த குடும்பத்தில் நோயாளியைத் தாக்கிய நோயே கொடையாளியையும் விலக்கிவிடுகிறது.

தோட்டத்து வைத்தியம் நெடுங்காலம் டிஸ்பென்சரியோடு நின்றது. 1872இன் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கான வைத்தியத்தை முதன்முதலில் ஒழுங்குபடுத்தியது. 1916இல் ரொக்கபெலர் மன்றத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களை நாடியது. இரண்டுமே வேலைக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கிலிருந்து பிறந்தவை. காய்ச்சலும் வயிற்றோட்டமும் பிரசவமும் அந்தக் கணக்குக்குள் வந்தன. இருபது ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும் நோய் வரவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் 150 கட்டில்கள் உள்ளன. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கொழுப்பீரலைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்குக் கொழும்புவரை இறங்க வேண்டியதில்லை.

ஆகவே சுகாதார அமைச்சிடமும் தோட்டக் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது. நாற்பது வயதைத் தாண்டிய, நீரிழிவோ பெருத்த இடுப்போ உள்ள ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் ஒருமுறையாவது ஈரல் ஸ்கேன் செய்யுங்கள். சம்பளம் வெட்டாமல் அதற்கு அரைநாள் விடுங்கள். முடிவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். சிரோசிஸ் உள்ளவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அழையுங்கள். கட்டி 5 சென்ரிமீற்றரைத் தாண்டுமுன் அவர்களை ராகமவுக்கு அனுப்புங்கள்.