மன்னிப்பும் கேட்கிறோம்

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கிராமப் பங்கு ஒன்றில், அண்ணன் தம்பி இருவர் ஒரு வரப்பின் பொருட்டு ஒன்பது ஆண்டுகள் பேசாதிருந்தனர். தவக்காலத்தில் ஒருநாள் தம்பியை அழைத்துப் பேசினோம். நெடுநேரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தவர், "மன்னிச்சிடுறேன் சாமி, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? வெட்டுப்பட்டவன் நான்தானே?" என்றார். அவர் தோளில் தழும்பு இருந்தது. குருமடத்தில் நாம் பயின்ற இறையியல் அந்நேரம் உதவிக்கு வரவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தோம்.

இதே கேள்வியை ஒரு நாடே தன் ஆயர்களை நோக்கிக் கேட்ட வரலாறு ஒன்று உண்டு. அந்நாடு போலந்து. ஆண்டு 1965.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுபெறும் தறுவாயில் இருந்தது. அடுத்த ஆண்டு போலந்து திருமுழுக்குப் பெற்ற ஆயிரமாவது ஆண்டு. 966இல் அரசர் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றதை அந்நாட்டு மக்கள் தங்கள் நாட்டின் பிறப்பாகவே கருதுகின்றனர். அவ்விழாவில் செபத்தால் பங்குகொள்ளுமாறு உலகின் பல நாட்டு ஆயர் பேரவைகளுக்குப் போலந்து ஆயர்கள் உரோமையிலிருந்து மடல்கள் எழுதினர். மொத்தம் 56 மடல்கள். அவற்றுள் ஒன்று நவம்பர் 18ஆம் நாளிட்டு ஜெர்மானிய ஆயர்களுக்கு எழுதப்பட்டது. மற்றவை மரியாதை மடல்கள். இது அவ்வாறன்று. ஆயிரம் ஆண்டுக்கால அண்டை வீட்டு வரலாற்றையே எடுத்து விரித்த நீண்ட மடல் அது. அதன் முடிவில், நிறைவுறும் சங்கத்தின் இருக்கைகளிலிருந்தே கைநீட்டி, மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்றிருந்தது.

இச்சொற்களின் கனத்தை உணர வேண்டுமானால், அன்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவற்றை ஒருகணம் நினைவுகூர வேண்டும். 1939 செப்டம்பர் முதல் நாள் இட்லரின் படைகள் போலந்திற்குள் நுழைந்தன. போர் முடிவதற்குள் அந்நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களில் பாதிப்பேர் யூதர்கள். 1944ஆம் ஆண்டு எழுச்சிக்குப்பின் வார்சா நகரம் வீடுவீடாகத் திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டது. தாகாவ் முகாமில் அடைக்கப்பட்ட போலந்து நாட்டுக் குருக்கள், துறவியர் ஏறத்தாழ 1,780 பேரில் 868 பேர் அங்கேயே மடிந்தனர். துணை ஆயர் மிகாவ் கோசால் 1943 சனவரியில் அங்கு உயிர்நீத்தார். 1987இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. மடலில் கையொப்பமிட்ட ஆயர்களுக்கு இம்மாண்டவர்கள் குருமடத் தோழர்கள், ஆசிரியர்கள், உடன்பிறந்தோர்.

எனவே மன்னிக்கிறோம் என்பதே அரிது. மன்னிப்பும் கேட்கிறோம் என்று தொடர்ந்ததே புயலைக் கிளப்பியது. எதற்காகக் கேட்க வேண்டும்?

இங்கே மற்றொரு பக்கமும் உண்டு. 1945இல் பாட்ஸ்டாம் நகரில் கூடிய வல்லரசுகள் போலந்தை அப்படியே மேற்கு நோக்கி நகர்த்தி வைத்தன. கிழக்கே இருந்த பகுதிகளைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டது. ஈடாக ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கேயிருந்த ஜெர்மானிய நிலம் போலந்திற்கு வந்தது. போலந்து, செக்கோசுலோவாக்கியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து ஓடியவர்களும் விரட்டப்பட்டவர்களுமாக ஏறத்தாழ 120 இலட்சம் ஜெர்மானியர் வீடிழந்தனர். அவர்களில் முதியோரும் பெண்களும் குழந்தைகளும் வழியிலேயே இறந்தனர். ப்ரெஸ்லாவ் என்னும் ஜெர்மானிய மாநகர் வ்ரோட்ஸ்வாவ் என்று பெயர் மாறியது. ஆறு இலட்சம் பேர் வாழ்ந்த அந்நகரின் ஜெர்மானியக் குடிகள் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முற்றிலும் வெளியேற்றப்பட, கிழக்கே லுவூஃப் போன்ற இடங்களில் தாமும் வீடிழந்த போலந்தியர் வந்து அவ்வீடுகளில் குடியேறினர். லுவூஃப் நகரின் புகழ்பெற்ற நூலகத்தின் ஒரு பகுதிகூட மூட்டை கட்டி அங்கு வந்து சேர்ந்தது. யாரோ விட்டுச்சென்ற அடுப்பில் உலைவைத்து, யாரோ நட்ட மரத்தின் பழத்தைத் தின்று வளர்ந்தது ஒரு தலைமுறை. விரட்டியவனும் விரட்டப்பட்டவனே.

அந்நகரின் மேய்ப்பர்தான் மடலை எழுதியவர்: பேராயர் போலெஸ்வாவ் கோமினெக். 1903இல் மேல் சிலேசியாவில், அப்பகுதி ஜெர்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தபோது பிறந்தவர். இரு மொழிகளும் அவருக்குத் தாய்மொழி போன்றவை. மடலை அவர் ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். பகைவனுக்குப் பகைவன் மொழியில் மடல் எழுதுவது எளிய செயலா? 1951இல் பொதுவுடைமை அரசு அவரைத் தம் பணித்தளத்திலிருந்து அகற்றியது; 1956க்குப் பின்னரே வ்ரோட்ஸ்வாவின் பொறுப்பை ஏற்க முடிந்தது. மேற்கு ஜெர்மனி புதிய எல்லையை ஏற்காத நிலையில், திருஆட்சிப்பீடமும் அந்நிலப்பகுதிக்கு நிலையான மறைமாவட்ட அமைப்பை அப்போது வழங்கியிருக்கவில்லை. ஆக, எழுதியவரின் காலடி நிலமே வழக்கில் இருந்தது.

மடல் எவ்வாறு தொடங்குகிறது என்பது நம்மைப் பெரிதும் கவர்கிறது. குற்றப்பட்டியலோடு அது தொடங்கவில்லை; புனிதர்களோடும் கலைஞர்களோடும் தொடங்குகிறது. ஜெர்மானிய மண்ணான ஆண்டெக்சில் பிறந்து, சிலேசியச் சிற்றரசர் என்ரிக்கை மணந்து, ஏழைகளின் தாயாக வாழ்ந்த புனித எட்விக்கை அது இரு நாடுகளுக்கும் இடையே கட்டப்பட்ட பாலமாகக் காட்டுகிறது. (நம் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையினர் பாதுகாவலியாகப் போற்றும் அங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்துக்கு இவர் தாயின் உடன்பிறந்தவர், அதாவது பெரியம்மா முறை அல்லது சின்னம்மா முறை.) கிராக்கோ நகர மரியன்னை ஆலயத்தின் மாபெரும் பீடத்தைச் செதுக்கிய நியூரம்பெர்க் சிற்பியையும் அது நன்றியோடு நினைக்கிறது. அதன் பின்னரே டியூட்டானிக் படைத்துறவியரின் வாள், நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட பேரரசுகள், இறுதியாக நாசி இருள். இவற்றை மடல் மறைக்கவுமில்லை, மெழுகவுமில்லை. அதே வேளையில் இட்லரை எதிர்த்து உயிர்நீத்த ஜெர்மானியரையும் நினைவுகூர்ந்தது. விரட்டப்பட்ட ஜெர்மானியரின் துயரையும் சொன்னது. எல்லையைப் பொறுத்தமட்டில் மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை: போலந்திற்கு அது வாழ்வா சாவா என்னும் பொருள் என்றது. மன்னிப்பு என்றால் நிலத்தையும் நியாயத்தையும் கைவிடுவது என்று கருதுவோர் இவ்விடத்தைக் கவனிக்கட்டும்.

மடலை முந்திக்கொண்டு மறுகரையிலும் ஒரு குரல் எழுந்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மானியச் சீர்திருத்தச் சபையினர், கிழக்கே இழந்த நிலத்தைப் பற்றித் தம் மக்கள் மறுசிந்தனை செய்ய வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டு, சொந்த மக்களிடமே வசைபெற்றனர். கத்தோலிக்க ஆயர்களின் பதில் டிசம்பர் 5ஆம் நாள் வந்தது. நீட்டிய கையை மதிப்போடு பற்றுகிறோம், நாங்களும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றது. ஆனால் எல்லை பற்றி வந்தபோது சொற்கள் தயங்கின. வீடிழந்த மக்கள் பல இலட்சம் பேர் அவர்களின் ஆலயங்களில் அமர்ந்திருந்தனர் அல்லவா? அவர்களை மீறிப் பேச ஆயர்களுக்குத் துணிவு வரவில்லை. நாம் அவர்களை எளிதில் தீர்ப்பிட மாட்டோம். எனினும், பெற்ற மடலுக்கு அனுப்பிய பதில் நிகரன்று என்பதையும் சொல்லாதிருக்க இயலாது. பேராயத் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கி அந்த ஏமாற்றத்தைப் பல ஆண்டுகள் சுமந்தார்.

இதற்கிடையே போலந்தில் இடி விழுந்தது. கொமுல்காவின் அரசுக்கு ஜெர்மானியப் பகையே ஆட்சியின் தூண்களில் ஒன்று. ஆயர்களுக்கு யார் அதிகாரம் தந்தது என்று நாளேடுகள் முழங்கின. மறக்கமாட்டோம், மன்னிக்கமாட்டோம் என்னும் முழக்கம் எழுந்தது. மடலைப் படிக்குமுன்பே மடலைக் கண்டிக்கும் கட்டுரைகளைப் படித்தவர்களே மிகுதி. 1966 சனவரியில் விஷின்ஸ்கி உரோமை செல்லக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. ஆயிரமாண்டு விழாவிற்கு வர விரும்பிய திருத்தந்தை ஆறாம் பவுலுக்கும் அனுமதி இல்லை.

அரசின் சினம் வியப்பன்று. வருத்தம் தருவது வேறு. ஞாயிறுதோறும் நன்மை வாங்கிய நல்ல கத்தோலிக்கருள் பலரும் உள்ளம் புண்பட்டனர். மகனை இழந்த தாய்க்கு, ஆயர் தன்னைக் கேளாமலே தன் சார்பில் மன்னித்துவிட்டார் என்று தோன்றாதா? இதில் மேய்ப்பர்களின் குறையும் உண்டு என்பது நம் எண்ணம். உரோமையில் அமர்ந்து எழுதியவர்கள், ஊரில் இருந்த மக்களை அதற்கு ஆயத்தம் செய்யவில்லை. குருக்களாகிய நமக்கு இது பழகிய குறைதான். முடிவை எடுத்தபின் மறையுரையில் விளக்குகிறோம்.

கிராக்கோவின் பேராயர் கரோல் வொய்திவாவும் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். போர்க்காலத்தில் அவர் சோல்வே தொழிற்சாலையின் கல் குவாரியிலும் ஆலையிலும் கூலியாளாய் உழைத்தவர். அதே தொழிற்சாலையின் தொழிலாளர் பெயரில் அவரைக் கண்டித்துத் திறந்த மடல் ஒன்று நாளேட்டில் வெளியாயிற்று. பேராயர் அதற்கு மேடையிலிருந்து பேசுபவராக அன்றி, புண்பட்ட பழைய தோழராகப் பதில் எழுதினார். நாம் ஒன்றாய் உழைத்தோமே, உங்களிடம் எவ்வளவோ கற்றேனே, ஆயர்களின் மடலைக் கருத்தாய்ப் படித்தபின்தான் இவ்வாறு எழுதினீர்களா என்னும் பொருள்பட அமைந்தது அப்பதில். பின்னாளில் இரண்டாம் யோவான் பவுலாக, 2000ஆம் ஆண்டு யூபிலியில் திருச்சபையின் மக்கள் செய்த பிழைகளுக்காகப் பொது மன்னிப்பு வேண்டியவர் இவரே என்பதை வாசகர் அறிவர்.

நம் தம்பியின் கேள்விக்கு வருவோம். வெட்டுப்பட்டவன் ஏன் கேட்க வேண்டும்? மலைப்பொழிவில் ஆண்டவர், பீடத்தின் முன் காணிக்கையோடு நிற்பவனைப் பற்றிப் பேசுகிறார். சகோதரன்மீது உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. உன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பதாக நினைவுக்கு வந்தால் என்கிறார். யார் குற்றம் பெரிது என்று அவ்விடத்தில் நிறுத்துப் பார்க்கவில்லை. எவருடைய காயம் என் நினைவுக்கு வருகிறது என்பதே அங்குள்ள கேள்வி. ஆயிரம் ஆண்டுக் காணிக்கையோடு பீடத்தின்முன் நின்ற போலந்து ஆயர்களுக்கு, இரு தட்டுகளும் சமமல்ல என்பது நன்றாகத் தெரியும். படையெடுத்தவன் செய்ததும், படையெடுப்பின் முடிவில் நிகழ்ந்ததும் ஒன்றல்ல. ஆனால் சாலையோரப் பனியில் இறந்த ஜெர்மானியக் குழந்தை தராசுத் தட்டில் ஏறும் பொருளன்று. அதை நினைத்துத்தான் அவர்கள் கேட்டார்கள். அன்று தம்பிக்கு இப்பகுதியை நாம் வாசித்துக் காட்டவில்லை. நமக்கே அது அப்போது இவ்வாறு விளங்கியிருக்கவில்லை.

மடலின் கனி உடனே பழுக்கவில்லை. 1968இல் ஜெர்மானியக் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சிலர், ஆயர்கள் சொல்லத் தயங்கியதைத் தாமே ஓர் அறிக்கையாய்ச் சொன்னார்கள். எல்லையை ஏற்க வேண்டும் என்றார்கள். 1970 டிசம்பர் 7ஆம் நாள், வார்சாவில் உடன்படிக்கை கையொப்பமான அன்று, யூதர் நினைவுச் சின்னத்தின் முன் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் முழந்தாளிட்டார். அவர் நாசிகளை எதிர்த்து நாடு கடந்து வாழ்ந்தவர். சொந்தக் குற்றம் ஏதுமில்லாதவர். அவருக்கும் தம் நாட்டில் வசை குறையவில்லை. 1972 சூனில் ஆறாம் பவுல் அந்நிலப்பகுதிக்கு நிலையான மறைமாவட்டங்களை அமைத்தார்.

1989 நவம்பர் 12. பெர்லின் சுவர் திறந்து மூன்று நாள்கள்தாம் ஆகியிருந்தன. கீழைச் சிலேசியாவில் க்ஷிஷோவா என்னும் சிற்றூர்; ஜெர்மானியர் அதைக் கிரைசாவ் என்றழைத்தனர். இட்லரை எதிர்த்ததற்காக 1945 சனவரியில் தூக்கிலிடப்பட்ட எல்முத் ஃபொன் மோல்ட்கேயின் பண்ணை அது. அங்கே ஆயர் அல்போன்ஸ் நோசோல் நிறைவேற்றிய திருப்பலியில், சமாதானம் பகிரும் நேரத்தில், போலந்தின் தலைமை அமைச்சர் மசோவியெட்ஸ்கியும் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் எல்முத் கோலும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அழகிய காட்சிதான். ஆனாலும் தழுவிய அதே கோல், எல்லையை உறுதியாய் ஏற்க மேலும் ஓராண்டு காலம் தாழ்த்தினார். எல்லை உடன்படிக்கை 1990 நவம்பர் 14ஆம் நாள்தான் கையொப்பமாயிற்று. அடுத்த ஆண்டு நல்லுறவு உடன்படிக்கையும், இரு நாட்டு இளைஞரைச் சந்திக்கச் செய்யும் பொது அலுவலகமும் வந்தன. அதன் வழியே இதுவரை 30 இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் ஒருவர் நாட்டை மற்றவர் கண்டுள்ளனர். இரு நாட்டு வரலாற்றாசிரியரும் சேர்ந்து பள்ளி மாணவர்க்கென எழுதிய வரலாற்று நூலின் நான்கு தொகுதிகள் 2020க்குள் நிறைவுற்றன.

கணக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. 2022 செப்டம்பர் முதல் நாள் அன்றைய போலந்து அரசு, போரின் இழப்புக்கு ஈடு கேட்டு மாபெரும் தொகையொன்றை அறிவித்தது. ஜெர்மனி அதை ஏற்கவில்லை.

கோமினெக் 1973இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில் இறந்தார். க்ஷிஷோவாவை அவர் காணவில்லை. 2005இல் வ்ரோட்ஸ்வாவ் நகரம் அவருக்குச் சிலை எழுப்பியது. ஓடர் ஆற்றின் நடுவே, மணல் தீவு என்று பெயர் பெற்ற சிறு தீவில் அது நிற்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாட்டையே கொதிக்கச் செய்த அந்தச் சொற்களையும் அதில் பொறித்திருக்கிறார்கள்.